மேஜிக் திரைச்சீலை

“நெக்ஸ்ட் ரிலீஸ்ல பாத்துக்கலாம்.” என் தொழிலில் இதைச் சொல்லாதவர் கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன், முகத்தை இறுக்கமா வெச்சுக்கிட்டு. நிண்டெண்டோவின் வீ யூ கன்சோலை நினைத்தால் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

2012 நவம்பரில் அமெரிக்காவில் வந்தது. வாங்கினவர்கள் முதல்ல உட்கார்ந்து ஒரு பெரிய அப்டேட் இறங்குவதைப் பார்த்தார்கள். அதன்பிறகும் ஒரு விளையாட்டிலிருந்து மெனுவுக்குத் திரும்ப ஏறக்குறைய 20 நொடி. 2 ஜிபி நினைவகத்தில் சரிபாதியை இயங்குதளத்துக்கே ஒதுக்கியும் இந்த லட்சணம். 2013 ஜனவரியில் தலைவர் சதோரு இவாடா இதைச் சரிசெய்ய இரண்டு அப்டேட்டுகளை அறிவித்தார். அவரே ஒரு புரோகிராமர். அந்த அறிவிப்பை என்னால் ஏளனமாகப் பார்க்க முடியவில்லை.

பெரிய கனவு நிண்டெண்டோ டிவி. கையிலுள்ள 6.2 அங்குலத் திரையே ரிமோட். கேபிள் சேனலானாலும் இணையத்தில் ஓடும் படமானாலும் அதிலேயே தேடி எடுத்துக்கொள்ளலாம். யோசனையில் குறையில்லை. ஆனால் கன்சோலோடு வரவில்லை, ஒரு மாதம் கழித்து வந்தது. ஐரோப்பாவுக்கு வருகிறேன் என்று சொல்லி வரவேயில்லை. அமெரிக்காவில் 2015 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். இத்தனைக்கும் வட்டு போடுகிற பெட்டி, ஒரு டிவிடி ஓடாது!

சோம்பேறித்தனம் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளையாட்டு என்பது கடைக்குப் போகும் நாளில் முடிந்துவிடுகிற பொருள். நிண்டெண்டோவின் கை அதற்குப் பழகின கை. டிவி வழிகாட்டி முடியவே முடியாது. நாட்டுக்கு நாடு வேறு கேபிள் நிறுவனம், வேறு ஒப்பந்தம், தினமும் மாறும் அட்டவணை. அதைத் தோசை மாதிரி திருப்பிப் போட்டு இறக்கிவிட முடியாது, அடுப்புப் பக்கத்திலேயே ஆள் நிற்கணும்.

தன் கைக்குள் இருந்ததை மட்டும் அழகாக முடித்திருந்தார்கள். வீ யூவின் பிரவுசரில் ஒரு பட்டனை அழுத்தினால் டிவியில் திரைச்சீலை மூடிக்கொள்ளும். நீங்கள் கைத்திரையில் எதையோ தேடுவீர்கள், வீட்டில் இருப்பவர்களுக்குச் சீலைதான் தெரியும். கிடைத்ததும் மேடையில் வித்தை காட்டுகிற மாதிரி சீலையை விலக்கிக் காட்டலாம். குடும்பத்தோடு ஒரே டிவியைப் பார்த்து வளர்ந்தவர்தான் இதை யோசித்திருக்க முடியும்.

வீ யூ விற்றது 1.36 கோடிதான். 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்சில் எல்லாவற்றையும் வெட்டியெறிந்தார்கள். வழக்கமான பிரவுசர் இல்லை, நெட்ஃபிளிக்ஸ் இல்லை. யூடியூப் வரவே 2018 நவம்பர் ஆனது. விற்பனையோ 15 கோடியைத் தாண்டியது. “பாத்தியா, அதெல்லாம் தேவையே இல்ல” என்கிறார்கள் நண்பர்கள். ஸ்விட்சின் மெனு பட்டனை அழுத்தினவுடன் வந்து நிற்கிறது என்பதை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 20 நொடி காக்க வைத்த பெட்டியில் எந்த வசதி இருந்தாலும் கோபம்தான் வந்திருக்கும்.

டிவி சேவை போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் திரைச்சீலையையும் சேர்த்தே தூக்கிப் போட்டார்களே, அதுதான்.