'சல்லி' திரைப்படமும் மூன்றரை நிமிட உண்மையும்

சல்லி என்றதும் நமக்குச் சாலையில் கொட்டும் கல்தான் நினைவுக்கு வரும். கிளின்ட் ஈஸ்ட்வுட் 2016-ஆம் ஆண்டு இயக்கி வெளியிட்ட ஆங்கிலத் திரைப்படத்தில் அது ஒரு மனிதரின் செல்லப்பெயர். செஸ்லி சல்லன்பெர்கர் என்ற அமெரிக்க விமானியை நண்பர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். நியூயார்க் நகரை ஒட்டி ஓடும் ஹட்சன் ஆற்றின் மேல் ஒரு பெரிய பயணி விமானத்தை இறக்கி, அதிலிருந்த 155 பேரும் உயிர் பிழைக்கக் காரணமானவர் அவர். விமானியாக டாம் ஹேங்க்ஸ் நடித்திருக்கிறார். படம் நன்றாக இருக்கிறது. ஆனால் விஞ்ஞான மாணவர்கள் அதை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். 2009 ஜனவரி 15, பிற்பகல். லகார்டியா விமான நிலையத்திலிருந்து சார்லட் நகருக்குக் கிளம்பிய ஏர்பஸ் ஏ-320 விமானம் சுமார் 2,800 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, கனடா வாத்துக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. நம் ஊர் வயல்களில் மேயும் வாத்தைப் போன்றதல்ல இது. மூன்றரை, நான்கு கிலோ எடையுள்ள பெரும் பறவை. ஜெட் எஞ்சினின் முன்னால் பெரிய விசிறி சுழல்கிறது. அது இழுக்கும் காற்றில் பெரும்பகுதி எஞ்சினின் மையத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். ஒரு பகுதிதான் மையத்துக்குள் நுழைந்து எரிபொருளோடு சேர்ந்து எரியும். சிறு பறவையாக இருந்தால் விசிறி அதை ஓரத்துக்கு வீசிவிட வாய்ப்புண்டு. அன்று இரண்டு எஞ்சின்களிலும் வாத்து மையத்துக்குள்ளேயே போய்விட்டது. அந்த வகை எஞ்சினைச் சோதித்தபோது பயன்படுத்திய பெரிய பறவையின் எடை 4 பவுண்டு. அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. அந்தச் சோதனையில்கூட எஞ்சின் வெடிக்காமல் அடங்கினால் போதும், தொடர்ந்து ஓட வேண்டும் என்ற கட்டாயமில்லை! உந்துவிசை அற்றுப்போன விமானம் மூன்றரை நிமிடத்தில் ஆற்றில் அமர்ந்தது.

இந்த மூன்றரை நிமிடத்தைப் படம் மிக நேர்மையாகக் காட்டுகிறது. விமானிகள் கூச்சல் போடுவதில்லை, வேலை செய்கிறார்கள். பணிப்பெண்கள் 'தலையைக் குனியுங்கள்' என்று ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பக் கூவுவதும், படகுகள் விரைந்து வருவதும் மெய்சிலிர்க்க வைக்கின்றன. துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸை மறக்காமல் உடன் நிறுத்தியிருப்பதற்கும் பாராட்டலாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மூன்றரை நிமிடத்தை வைத்து ஒன்றரை மணி நேரப் படம் எடுக்க முடியாது. ஆகவே கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டிருக்கிறான். வாத்தை வில்லனாக்க முடியாதல்லவா? விபத்தை ஆராய வந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அதன் அதிகாரிகள், 'திரும்பி லகார்டியாவுக்கே போயிருக்கலாமே' என்று விமானியைக் குற்றவாளி போல் மடக்குகிறார்கள். பாவனை விமானத்தில் செய்த சோதனைகளெல்லாம் அவருக்கு எதிராக இருக்கின்றன. கடைசியில் சல்லன்பெர்கர் எழுந்து, 'மனிதன் யோசிக்கும் நேரத்தைச் சேர்த்தீர்களா?' என்று கேட்கிறார். 35 வினாடி சேர்க்கிறார்கள், பாவனை விமானம் நொறுங்குகிறது, அதிகாரிகள் தலைகுனிகிறார்கள்.

உண்மை இதற்கு நேர்மாறு. அந்த 35 வினாடியைக் கணக்கில் சேர்த்துச் சோதித்தவர்கள் ஆய்வாளர்களேதாம். பறவை மோதிய அந்தக் கணமே திருப்பிய முயற்சிகளில்கூட எல்லாம் ஓடுபாதையை எட்டவில்லை; தாமதத்தோடு செய்த முயற்சி தோற்றது. ஆகவே ஆற்றில் இறங்கியதே சரியான முடிவு என்று 2010 மே மாதம் வாரியமே எழுதிவைத்தது. வாரியத்தின் பணி தண்டனை தருவதன்று. விபத்து ஆய்வின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு கூறுகிறது. வாரியத்தின் அறிக்கையை அமெரிக்க நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குக்குச் சாட்சியமாகக் கொண்டுவரவும் சட்டம் இடம் தருவதில்லை. காரணம் எளியது: பயந்துகொண்டிருக்கும் விமானி உண்மையைச் சொல்லமாட்டார். அவர் சொல்லாவிட்டால் அடுத்த விமானத்தைக் காப்பாற்ற முடியாது. இந்த நம்பிக்கையைத்தான் படம் கைதட்டலுக்காக உடைத்துப் போடுகிறது. நாளை விமானியாகவோ பொறியியல் வல்லுநராகவோ வரப்போகும் ஓர் இளைஞர் இதைப் பார்த்து, 'விசாரணையா? வாயைத் திறக்காதே' என்று கற்றுக்கொண்டால் அந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது?

இன்னொரு நஷ்டமும் உண்டு. வாரியத்தின் அறிக்கையில் இருக்கும் சுவையான விஷயங்களுக்குப் படத்தில் இடமில்லாமல் போய்விட்டது. எஞ்சின்கள் கைவிட்டதும் சல்லன்பெர்கர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, வாலில் உள்ள துணை எஞ்சினை இயக்கியது. அது தள்ளாது, மின்சாரம் தரும். ஏ-320 விமானத்தில் கைப்பிடியின் அசைவு மின்சாரம் வழியாகக் கணிப்பொறிக்குப் போய்த்தான் இறக்கைகளை எட்டுகிறது. விமானி எவ்வளவு இழுத்தாலும் மூக்கு அளவுக்கு மீறித் தூக்கி விமானம் தொப்பென்று விழாதபடி அந்தக் கணிப்பொறி காக்கும். படம் துணை எஞ்சினைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுகிறது. இரு எஞ்சின்களும் நின்றால் படிக்க வேண்டிய செயல்வரிசை மூன்று பக்கம் நீண்டது. அதுவும் 20,000 அடிக்கு மேலே பறக்கும்போது படிப்பதற்காக எழுதியது. ஸ்கைல்ஸ் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்ட முடிந்தது. தண்ணீரில் இறங்குவதற்கான பகுதி கடைசியில் இருந்தது!

அறிக்கை வீரரைப் புகழ்ந்துவிட்டு நிற்கவில்லை. விமானம் உரிய வேகத்தைவிட மெதுவாகவே இறங்கியது என்கிறது; அதற்குக் காரணம் அந்த நேரத்தில் அவர் தலைமேல் குவிந்திருந்த வேலைப் பளு என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஏர்பஸ் நிறுவனம் வினாடிக்கு மூன்றரை அடி வீதம் தண்ணீரைத் தொடும் என்று கணக்கிட்டிருந்தது. அன்று தொட்டதோ பன்னிரண்டரை அடி வீதம். பின்பக்க வயிறு கிழிந்து தண்ணீர் புகுந்தது. பின்கதவுகளில் இருந்த மிதவைகள் பயன்படவில்லை. உயிர்காப்புச் சட்டையைச் சரியாகக் கட்டிக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியும் எல்லோரும் பிழைத்ததற்கு அறிக்கை காட்டும் காரணங்கள் நான்கு: விமானிகளின் முடிவு, பணியாளரின் திறமை, படகுகள் அருகிலேயே இருந்தமை, கடல் மேல் பறப்பதற்கான மிதவைகள் அந்த விமானத்தில் இருந்தமை. இந்த நான்காவது வெறும் அதிர்ஷ்டம். அந்த வழித்தடத்துக்கு அவை கட்டாயமே அல்ல.

படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விமானிகளின் அறையில் நடக்கும் காட்சிகளை இருமுறைகூடப் பார்க்கலாம். ஆங்கிலம் தெரிந்த மாணவர்கள் விசாரணைக் காட்சி முடிந்ததும் வாரியத்தின் அறிக்கையைத் தேடிப் படிக்கட்டும். அது யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த விமானம் 2011-இல் லாரியில் ஏற்றப்பட்டு, அன்று போய்ச் சேர வேண்டிய சார்லட் நகருக்கே சென்றது. கிழிந்த வயிற்றைத் தைக்காமல் அங்கே ஒரு காட்சிச்சாலையில் வைத்திருக்கிறார்கள்.