எந்தக் குடும்பம் பிளந்தது?

1862 ஜூன் 16 விடியற்காலை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரை அடுத்த ஜேம்ஸ் தீவில், செசஷன்வில் என்ற இடத்திலிருந்த மண்கோட்டையின் மேல் வடக்குப் படை பாய்ந்தது. பாய்ந்த நியூயார்க் 79வது படைப்பிரிவில் அலெக்சாண்டர் கேம்பெல் இருந்தார். கோட்டையைக் காத்த தெற்குப் படையில் அவருடைய உடன்பிறந்த ஜேம்ஸ் இருந்தார். இருவரும் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புக்காக அமெரிக்கா வந்தவர்கள். அலெக்சாண்டர் அன்று எதிரே நின்றதைப் பிடிபட்ட கைதிகள் சொல்லித்தான் ஜேம்ஸ் அறிந்தார். உடனே கடிதம் எழுதினார்: இனிப் போர்க்களத்தில் நாம் நேருக்கு நேர் சந்திக்க வேண்டாம், அப்படிச் சந்திக்க நேர்ந்தால் நீ உன் தரப்புக்குரிய கடமையைச் செய், நான் என்னுடையதைச் செய்வேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் குடும்பக் கதை என்றதும் நினைவுக்கு வருவது இத்தகைய உடன்பிறப்புகள்தான். கென்டக்கி செனட்டர் ஜான் கிரிட்டெண்டனின் ஒரு மகன் வடக்கில் ஜெனரல். இன்னொரு மகன் தெற்கில் ஜெனரல். ஜனாதிபதி லிங்கனின் வீட்டுக்குள்ளும் பிளவு இருந்தது. மனைவி மேரியின் தகப்பனாருக்கு மறுதாரத்தில் பிறந்த எமிலியின் கணவர் பென் ஹார்டின் ஹெல்ம், 1863இல் சிக்கமாகாவில் தெற்குக்காகப் போரிட்டு மடிந்தார்.

சாதாரணச் சிப்பாயின் பக்கம் வரலாற்றாசிரியர்களைத் திருப்பியவர் பெல் வைலி. 1943இல் தெற்குச் சிப்பாய்களைப் பற்றியும் 1952இல் வடக்குச் சிப்பாய்களைப் பற்றியும் அவர் எழுதிய நூல்களில் சோறும் சேறும் பேனும் காய்ச்சலும் வீட்டு ஏக்கமும் நிறைந்திருக்கின்றன. வெள்ளையரில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். சிப்பாய்களின் கடிதங்களுக்கு ராணுவத் தணிக்கையும் இல்லை. அதனால் மனத்தில் உள்ளதை அப்படியே எழுதினார்கள். ஜேம்ஸ் மக்பெர்சன் 25,000க்கும் மேற்பட்ட கடிதங்களைப் படித்து 1997இல் வெளியிட்ட நூல், சிப்பாய்களுக்குக் கொள்கைப் பற்று குறைவு என்ற வைலியின் முடிவை மறுத்தது. ஏமி முரல் டெய்லர் 2005இல் வெளியிட்ட நூலில், வடக்குக்கும் தெற்குக்கும் இடைப்பட்ட எல்லை மாநிலக் குடும்பங்களுக்குள் நுழைந்தார். வடக்கை ஆதரித்த தகப்பன்கள், தெற்குப் படையில் சேர்ந்த மகன்களின் அரசியலை வெறும் கீழ்ப்படியாமையாகப் பார்த்ததை அவர் காட்டினார்.

இவை அருமையான உழைப்புகள். ஆனால் பெட்டிகளில் பத்திரமாக இருந்த கடிதங்களை நம்பியதால், கடிதம் எழுத முடியாதவர்களும், எழுதியும் அவற்றைப் பாதுகாக்க வழியில்லாதவர்களும் பெரிதும் வெளியே நின்றுவிட்டார்கள். வடக்குப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் போரிட்டனர். அவர்களில் பலர் போருக்கு முன்பே குடும்பம் பிளக்கப்பட்டவர்கள். அவர்களைப் பிரித்தது கருத்து வேறுபாடு அல்ல, அடிமை வியாபாரம்.

மிசூரியின் கிளாஸ்கோ ஊரில் அடிமையாக இருந்த ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் 1864இல் படையில் சேர்ந்தார். அவருடைய மகள்களில் ஒருத்தியான மேரி அப்போதும் கிட்டி டிக்ஸ் என்ற பெண்ணின் பிடியில் இருந்தாள். செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் ராணுவ மருத்துவமனையிலிருந்து ரைஸ் இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று மகள்களுக்கு: மனம் தளராதீர்கள், அப்பா வருகிறேன். மற்றொன்று கிட்டிக்கு. சொந்த மகளை மீட்க ஒரு காலத்தில் 40 டாலர் தர முன்வந்ததையும், கிட்டி அதை வாங்க மறுத்ததே இப்போது நல்லதாகிவிட்டது என்பதையும் அதில் சொன்னார். படையோடு வருவதாகவும் எச்சரித்தார். கிளாஸ்கோ அஞ்சல் அதிகாரியாக இருந்த கிட்டியின் சகோதரர் கொதித்துப்போய், இரண்டையும் வடக்குப் படையின் ஜெனரல் ரோஸ்கிரான்ஸுக்குப் புகாரோடு அனுப்பினார். அந்தப் புகாரால்தான் ஒரு தகப்பனின் கோபம் ராணுவக் கோப்பில் தப்பிப் பிழைத்தது. 1937இல் செயின்ட் லூயிஸில், முதியவளாகிவிட்ட மேரி தன் தகப்பனைப் பற்றிப் பேசியதும் அரசு எழுத்தாளர் திட்டத்தின் பேட்டியில் பதிவாகியிருக்கிறது.

ரைஸின் கடிதங்களைப் பரவலாக வெளிக்கொணர்ந்தது, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய விடுதலை பெற்ற அடிமைகளின் ஆவணத் திட்டம். எழுத்தறியாத சிப்பாய்களின் வாழ்க்கைக்கு விதவை ஓய்வூதியக் கோப்புகள் இன்னொரு வழி. அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டப் பதிவு கிடையாது. ஆகவே கணவனை இழந்தவள் தன் மணவாழ்வை நிரூபிக்க அக்கம்பக்கத்தாரும் அவனோடு போரிட்டவர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். திருமணம், குழந்தைகள், விற்பனை, மரணம் எல்லாம் அந்த வாக்குமூலங்களில் இருக்கின்றன.

கேம்பெல் சகோதரர்களின் கடிதங்கள் உள்ள அலமாரியிலேயே இவற்றுக்கும் இடம் வேண்டும். கறுப்பின இதழ்களில் போர் முடிந்து பல பத்தாண்டுகள் வரை வெளிவந்த தேடல் விளம்பரங்களுக்கும் அங்கே இடம் வேண்டும். அவற்றில் தாயைத் தேடும் மகன் அவள் பெயரோடு, தங்களுக்கு எஜமானனாக இருந்தவனின் பெயரையும், எந்த ஊரில் யாருக்கு விற்கப்பட்டோம் என்பதையும் எழுத வேண்டியிருந்தது. அவளைக் கண்டுபிடிக்க அவனிடம் வேறு முகவரி இல்லை.