‘பிளக்டு இன், நாட் சார்ஜிங்’: ஒற்றை வரிக்கு ஒரு விமர்சனம்

லேப்டாப்பில் சார்ஜ் ஏறாதபோது விண்டோஸ் காட்டும் வரி இது. செருகியிருக்கிறது, ஏறவில்லை. அதான் கண்ணுக்கே தெரியுதே! ஏன் ஏறவில்லை என்பதுதானே கேள்வி?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன் ஊருக்குப் போனால், “மாப்ள, நீ கம்ப்யூட்டர்லதான இருக்க, இதக் கொஞ்சம் பாரு” என்று யாராவது ஒரு லேப்டாப்பை நீட்டுவார்கள். 2011 செப்டம்பர் 15-ல் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபின், பல வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். முதல் பேட்டரி அரசு கொடுத்தது. இரண்டாவது பேட்டரி வீட்டுக் காசு. அதனால் இந்த ஒற்றை வரியைத் தப்பாகப் படித்தால் செலவு அவர்கள் தலையில்தான் விழுகிறது.

அந்த வரிக்குப் பின்னால் குறைந்தது நான்கு வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணாதது. டெல்லின் உருண்டை பின் சார்ஜர்களில் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது கரண்ட் கொண்டுபோவதற்கு இல்லை. சார்ஜருக்குள் இருக்கும் சின்ன சிப், ‘நான் இத்தனை வாட்’ என்று சொல்வதற்கு. வயர் மடங்கி மடங்கி அந்த மெல்லிய இழை மட்டும் அறுந்தால், மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் சரியாகவே காட்டும். லேப்டாப்பும் ஓடும். பேட்டரியில் மட்டும் ஏறாது. பார்க்கிற யாரும் ‘சார்ஜர் நல்லாருக்கு, பேட்டரிதான் போச்சு’ என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு, வேண்டுமென்றே நிறுத்துவது. பேட்டரி ஆயுளுக்காக 60 அல்லது 80 சதவீதத்தோடு நிறுத்தும் செட்டிங் பல லேப்டாப்களில் உண்டு. லெனோவாவில் இதன் பெயர் கன்சர்வேஷன் மோட். இது பழுதே இல்லை.

மூன்று, சூடு. லித்தியம் அயான் செல்லை பொதுவாக 0 முதல் 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் செய்யலாம். சித்திரை வெயிலில், மெத்தைமேல் வைத்து ஓட்டினால் உள்ளே அந்த எல்லை தாண்டுவது பெரிய விஷயமில்லை. ஆறியதும் தானே ஏறும்.

நான்கு, பேட்டரி நிஜமாகவே போனது. தேய்ந்திருக்கலாம், வருஷக்கணக்கில் பீரோவில் கிடந்து, வோல்டேஜ் அடிமட்டத்துக்கு இறங்கி, பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கொண்டிருக்கலாம்.

காசு செலவழிக்க வேண்டிய பேட்டரி நாலாவதில் மட்டும்தான்.

சரி, இந்தக் காரணங்கள் மெஷினுக்குத் தெரியாதா? தெரியும். லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் சிப் வெப்பநிலை, எத்தனை சுற்று சார்ஜ் ஆனது, இப்போதைய முழுக் கொள்ளளவு எல்லாவற்றையும் குறித்து வைக்கிறது. ‘சூடு அதிகம்’, ‘சார்ஜை நிறுத்து’ என்பதற்கெல்லாம் 1990-களில் எழுதிய ஸ்மார்ட் பேட்டரி விதிமுறையிலேயே தனித்தனி எச்சரிக்கைகள் உண்டு. ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம் பேட்டரி நிலையைக் கேட்கும் ஏசிபிஐ என்ற பொதுவழியில் அடிப்படையாகத் திரும்பி வருவது நான்கே எண்கள்: நிலை, வேகம், மீதி, வோல்டேஜ். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் அதில் இல்லை. காரணம் வழியிலேயே உதிர்ந்துபோய், கடைசியில் நம் கைக்கு வருவது அந்த ஒற்றை வரி.

‘சாதாரண ஆளுக்கு இதெல்லாம் புரியாது, எதுக்குக் குழப்பணும்’ என்று வாதம் வரும். ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லுக்குள் போய்ப் பாருங்கள். ஆட்டோகோனர் மெஷினில் ஒவ்வொரு டிரம்முக்கும் சிக்னல் விளக்கு இருக்கிறது. எந்த டிரம் நிற்கிறது, யார் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை வேலை பார்க்கிறவர்கள் அதை வைத்தே தெரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி மெஷின் செய்தவர்கள் இருக்கிறார்கள். லேப்டாப் செய்பவர்கள் அந்த அளவுக்கு மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

யூஎஸ்பி-சி வந்தபின் பின் சைஸ் பிரச்சினை போனது. சொல்லாமல் மறுக்கிற பழக்கம் போகவில்லை. போன் சார்ஜரும் அதே துளைக்குள் போகும். 20 வோல்ட் கேட்கும் லேப்டாப்புக்கு அது 9 வோல்ட்தான் தரும் என்றால், சில லேப்டாப்கள் மெதுவாக ஏற்றும், சில மறுத்துவிடும்.

ஆகவே, பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் இந்த வரிசையில் பாருங்கள். அதே வாட் உள்ள வேறொரு ஒரிஜினல் சார்ஜரைப் போட்டுப் பார்க்கவும். சதவீதம் 60-லோ 80-லோ நிற்கிறதா என்று கவனிக்கவும். அணைத்து அரை மணி நேரம் ஆறவிடவும். கடைசியாக விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடவும். பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரிமேல் சந்தேகப்படலாம்.

2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்தது. இத்தனை லட்சம் வாங்குகிறவர் சொன்னால் கம்பெனிகள் கேட்கும். ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று டெண்டரில் எழுதும்போது இன்னொரு வரியும் சேர்க்கலாம்: சார்ஜ் ஏறாவிட்டால், ஏன் என்று திரையில் தமிழில் சொல்ல வேண்டும்.