நான்கு ஸ்வரங்களில் ஒரு கையெழுத்து

ஷோஸ்தகோவிச்சின் எட்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட் பற்றி இரண்டு வாசிப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்காக 1960 ஜூலையில், டிரெஸ்டன் அருகே கோரிஷ் என்ற ஊரில், மூன்றே நாளில் எழுதியது. பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்குச் சமர்ப்பணம். சோவியத் விமர்சனத்துக்கு அது போதும்: எரிந்த நகரம், அழுகிற மனிதகுலம். 1979இல் வோல்கோவின் 'சாட்சியம்' வந்த பிறகு (அது எவ்வளவு தூரம் ஷோஸ்தகோவிச்சின் குரல் என்பது தீராத வழக்கு) மேற்கில் திருப்பிப் போட்டார்கள்: இது ஸ்டாலினியத்துக்குப் பலியானவனின் சுயசரிதை. நான்காம் பகுதியில் மூன்று மூன்றாக விழும் அடி முன்னவர்களுக்குப் பீரங்கி, பின்னவர்களுக்கு நள்ளிரவில் கதவு தட்டும் ரகசியப் போலீஸ்.

இரண்டு கோஷ்டியும் காது கொடுத்துக் கேட்கலையோ என்று படுகிறது. துக்கம் எங்கோ வெளியே முழுசாக இருக்கிறது, இசை அதைச் சுமந்துவரும் கூலியாள் என்பதில் இருவருக்கும் பேதமில்லை.

இங்கே துக்கம் செய்யப்படுகிறது. தன் பெயரின் ஜெர்மன் எழுத்துக்கூட்டலிலிருந்து டி, எஸ், சி, ஹெச் என்ற நான்கு ஸ்வரங்களை எடுத்துக்கொள்கிறார். சி-யை ஸட்ஜமாக வைத்தால் நமக்கு ரி, க, ஸ, கீழே நி. ஏறி இறங்கினாலும் நகர இடமில்லாத ஒரு பொந்து. செல்லோ அதைச் சொல்ல, வியோலா வாங்க, வயலின்கள் வாங்குகின்றன. ஐந்து பகுதிகளும் இடைவெளியின்றி ஓடுகின்றன. இரண்டாவதில் 1944இல் எழுதிய பியானோ ட்ரியோவின் யூத மெட்டு உச்சத்தில் கத்துகிறது. மூன்றாவதில் அதே பெயர் வால்ட்ஸ் ஆடுகிறது. எனக்கு இதுதான் பயங்கரம். அழ வேண்டிய ஆள் ஆடுகிறான்.

அந்த மாதமே நண்பர் கிளிக்மனுக்குக் கடிதம் எழுதுகிறார். நான் செத்தால் எனக்கு யார் எழுதப்போகிறார்கள், நானே எழுதிவிட்டேன் என்கிற தொனி. எழுதும்போது வந்த கண்ணீரை பீர் குடித்தவனின் மூத்திரத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்கிறார். வீடு திரும்பி வாசித்துப் பார்த்தபோது மறுபடி அழுகை. போலித் துன்பியலுக்காக என்பதைவிட, வடிவத்தின் ஒருமையைக் கண்ட வியப்பில். இது எந்தக் கோஷ்டிக்கும் உதவாது. அதே வருஷம்தான் கட்சியில் சேரச் சொல்லி நெருக்கடி. சேர்ந்தார். விண்ணப்பத்தில் கையெழுத்தாக விழுந்த பெயர்தான் இங்கே ஸ்வரமாக விழுகிறது.

பின்னாளில் பர்ஷாய் இதைத் தந்தி வாத்தியப் பெருங்குழுவுக்கு விரித்தெழுதினார். பரவலாக வாசிக்கப்படுவதும்தான். கேட்க கம்பீரம், சந்தேகமில்லை. ஆனால் இருபது பேர் சேர்ந்து சொன்னால் அது நினைவுச்சின்னம் ஆகிவிடுகிறது. நால்வரில் ஒருவர் வில்லை எடுத்தாலும் பெயரில் ஓட்டை விழும். கேட்கிறவனுக்கு அது உடனே தெரியும்.