கழற்றலும் ஆக்கலும்: ஜி. டி. நாயுடுவின் வடிவமைப்பு முறை

கோவை ஜி. டி. நாயுடுவைப் (1893–1974) பற்றிய எழுத்துகள் பலவும் ‘அதிசய மனிதர்’, ‘இந்தியாவின் எடிசன்’ என்னும் அடைமொழிகளைச் சுற்றியே அமைகின்றன. இவ்வடைமொழிகள் அவரைப் போற்றுகின்றன. அவர் எவ்வாறு உருவாக்கினார் என்பதை மறைக்கின்றன.

கலங்கலில் பிறந்த நாயுடு, இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவையில் உணவகப் பணியாளராக இருந்து பணம் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். பிறர் படைப்பின் தாக்கம் கண்ணில் தொடங்கிக் கையில் நிறைவுறுவதை இங்குக் காணலாம். ஓர் உறுப்பு ஏன் அவ்விடத்தில் உள்ளது என்பது கழற்றியவர்க்கே விளங்கும். விளங்கிய பின்னரே அதனை மாற்றும் துணிவு பிறக்கும். நகலெடுப்பவரிடம் இத்துணிவு இராது.

1920இல் அவர் பொள்ளாச்சி–பழனி இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பழுதுபார்த்தல் அத்தொழிலின் அன்றாடக் கடமை. கழற்றிப் பூட்டும் பழக்கம் அங்குத் தொழில்முறையாகிறது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து மின்மோட்டார் உருவாக்கியமை இம்முறையின் வளர்ச்சியே. தனிமேதைச் சித்திரத்தில் இக்கூட்டுழைப்பு மங்கிவிடுகிறது.

நீண்ட பொறியியல் படிப்பு காலவிரயம் என்பது நாயுடுவின் கருத்து. அக்கருத்தையும் இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். மேதைமையைக் கற்பிக்க இயலாது. முறையைக் கற்பிக்க இயலும். அடைமொழிகளைக் கடந்து முறையை ஆராய்வதே கொங்குநாட்டுத் தொழில்வரலாற்றெழுத்து இன்று ஆற்றவேண்டிய பணி.