மங்கிய காதலும் மறைந்த துயரும்

பிரிவுத் துயரைப் பாடும் ஒரு பாடலுக்கு மக்கள் சோடி சேர்ந்து ஆடமுடியுமா? அமெரிக்காவின் டெக்ஸாஸ், ஒக்லஹோமா மாநிலங்களின் நடன மண்டபங்களில் அது வழமையாக நடந்தது. கிராமிய வயலின் இசையும் ஜாஸ் தாளமும் கலந்து 1930களில் அங்கு வளர்ந்த இசைவகையே 'வெஸ்டர்ன் ஸ்விங்'. அதன் முன்னோடிகளுள் முதன்மையானவர் பொப் வில்ஸ். அவர் தமது 'டெக்ஸாஸ் பிளேபோய்ஸ்' குழுவினருடன் 1950இல் பதிவுசெய்த 'ஃபேடட் லவ்' (மங்கிய காதல்) இவ்வகையின் சிறந்த காதற் பாடல்களுள் ஒன்று.

பொப், தந்தை ஜோன், தம்பி பில்லி ஜாக் ஆகிய மூவரும் இப்பாடலை ஆக்கியோராகக் குறிப்பிடப்படுகின்றனர். மெட்டோ தந்தை அறிந்திருந்த பழையதொரு வயலின் மெட்டு. பெஞ்சமின் ஹான்பி 1856இல் வெளியிட்ட 'டார்லிங் நெல்லி கிரே' பாடலின் வழிவந்தது. கென்டக்கியில் அடிமையாக வாழும் ஒருவன், ஜோர்ஜியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தன் காதலியை நினைத்துப் புலம்பும் அடிமைமுறை எதிர்ப்புப் பாடல் அது.

அங்கு பிரிவுக்குக் காரணம் உண்டு, குற்றவாளியும் உண்டு. வில்ஸின் பாடலிலோ காதல் தானாகவே மங்கிவிடுகிறது. சமூகக் கொடுமை அகன்று, தனிமனித ஏக்கம் மட்டும் எஞ்சுகிறது. ஆயினும் ரஸ்டி மக்டொனால்ட் அடக்கமாகப் பாட, துயரின் பெரும்பகுதியை வயலின்களே சொல்கின்றன. தாளமும் தளராமல் நகர்கிறது.

பெட்சி கிளைன் 1963 பெப்ரவரி 4ஆம் திகதி நாஷ்வில்லில் பாடிய பதிவு நடனத்தை விட்டு விலகுகிறது. வேகம் குறைந்து, துயர் முழுவதும் குரலுக்கு மாறுகிறது. இறுதிச் சொல்லுக்கு முன் அவர் மூச்சை இழுப்பது தெளிவாகக் கேட்கும். மார்ச் 5ஆம் திகதி அவர் விமான விபத்தில் மறைந்தார். அம்மூச்சில் மரணத்தின் சாயலைக் கேட்பது பின்னர் வந்த அனுதாபமேயன்றி விமர்சனமாகாது. தன் குரலை முழுமையாக ஆண்ட ஒரு கலைஞரின் ஆற்றலே அங்கு கேட்கிறது.

1970இல் எல்விஸ் பிரெஸ்லி பதிவுசெய்த வடிவத்தில் றொக் இசையின் ஆரவாரம் ஏக்கத்தை அமுக்கிவிடுகிறது. வில்லி நெல்சனும் ரே பிரைஸும் 1980இல் இணைந்து பாடியதே வில்ஸின் நிதானத்துக்கு அண்மையில் நிற்கிறது.

1988இல் ஒக்லஹோமா இப்பாடலைத் தன் உத்தியோகபூர்வ 'கன்ட்ரி அன்ட் வெஸ்டர்ன்' பாடலாக ஏற்றது. அந்தக் கௌரவத்துக்குரிய மெட்டு முதலில் யாருடைய இழப்பைச் சுமந்தது என்பதையும் அறிந்து கேட்பவருக்கே அதன் முழுக் கனமும் புரியும்.