குளக்கரை விடியலும் ஊடலும்: ஒரு பனிப்படத்தை முன்வைத்து

1

புதுக்கடையிலிருந்து தேங்காப்பட்டணம் போகிற வழியில், ரோட்டை விட்டு இறங்கி வாழைத்தோப்புகளுக்கு ஊடாகக் கொஞ்சம் நடந்தால் ஒரு குளம் வரும். அதன் பெயர் இங்கே வேண்டாம். பெயர் ஏன் முக்கியம் என்பது கட்டுரையின் போக்கில் தெரியும். பல வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி விடியலில் அந்தக் குளத்தை நான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சொந்தப் படத்தைத் தானே விமர்சிப்பது ஒருவிதத் தற்புகழ்ச்சியாக முடிந்துவிடும் என்கிற அச்சம் உண்டு. ஆனால் மற்றவர்களின் படங்களைக் கட்டுடைப்பதற்கு முன் நம் வீட்டு ஆல்பத்தைத் திறப்பதுதான் நேர்மை.

படம் இதுதான். கீழ்ப்பாதி வெள்ளம், மேற்பாதி பனி. இரண்டையும் பிரிக்கிற கோடு இல்லை. இடது ஓரத்தில் சாய்ந்த தென்னை ஒன்றும் அதன் நிழலும். நடுவில் ஒற்றைக் கொக்கு. அவ்வளவுதான். பார்த்த நண்பர்கள் எல்லோரும் அநேகமாக ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: ‘தியானம் மாதிரி இருக்கு.’ சிறுபத்திரிகை ஒன்று அதை அட்டையில் போட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அந்தக் குளத்தின் ஒரு மூலையில் லாரி லாரியாக மண் விழ ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் மனு எழுதினார்கள். ‘அண்ணே, உங்ககிட்ட பழைய படம் இருக்கும்லா, அதையும் சேர்த்து வைப்போம்’ என்று இளைஞர்கள் சிலர் வந்து கேட்டார்கள். கொடுத்தேன், கூடவும் போனேன். அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘நல்ல படம் சார். ஆனா இது எந்தக் குளம்? கொடைக்கானல்னு சொன்னாலும் நம்பலாமே’ என்றார். கேலி தொனிக்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. குளத்தின் கரை எங்கே, மடை எங்கே, மறுகால் எங்கே, எந்த மூலை வரை வெள்ளம் நின்றது என்று காட்டக்கூடிய எதுவும் அந்தப் படத்தில் இல்லை. எல்லாவற்றையும் பனி மூடியிருந்தது. மூடாததை நான் சட்டகத்துக்கு வெளியே தள்ளியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ‘ஏரி’ என்று யாரும் சொல்வதில்லை, குளம்தான். குளம் என்பது வெட்டியது. கரை போட்டு, மடை வைத்து, மறுகால் திறந்து, தலைமுறை தலைமுறையாக மண் சுமந்து உண்டாக்கியது. ஒரு வேலையின் பெயர் அது. என் படம் அந்த வேலையை அழித்துவிட்டு அதை ‘இயற்கை’ ஆக்கியிருந்தது. இங்கே விவாதிக்க வேண்டியது இந்த அழிப்பைத்தான்.

2

குற்றம் முழுவதும் என்னுடையதா, கருவிக்கும் பங்கு உண்டா? பனியைப் படமெடுத்தவர்களுக்குத் தெரியும்: காமிராவின் ஒளிமானி சொல்கிறபடி எடுத்தால் வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாக விழும். தனக்கு முன்னால் இருக்கிற காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அனுமானித்துக்கொண்டுதான் அந்தக் கருவி அளக்கிறது. அதனால் மானி சொல்வதற்கு மேல் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டிவைப்பார்கள். நானும் கூட்டினேன். கூட்டும்போது பனி வெளுக்கும். கூடவே எதிர்க்கரையின் மங்கலான விவரங்கள் சில பனியோடு கரைந்தும் போகும். வெண்மைக்காக எதை இழக்கிறோம் என்கிற தீர்மானம் விரல்நுனியில், ஒரு வினாடிக்குள் நடந்துவிடுகிறது. அதை அழகியல் தீர்மானம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது.

இன்னொரு தீர்மானத்தையும் சொல்லியாக வேண்டும். நான் போனபோது படித்துறையில் ஒரு வயதான அம்மா துணி நனைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, நீல நிறம். அவர் போகட்டும் என்று நான் கரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே கேட்டார்: ‘நான் மாறி நிக்கணுமா மக்கா?’ ‘வேண்டாம்மா, நீங்க முடிச்சிட்டே போங்க’ என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் போகும்வரை ஷட்டரைத் தொடவில்லை. அவர் போன பிறகு, துணி அலசியதில் எழுந்த அலையும் அடங்கட்டும் என்று மேலும் காத்திருந்தேன். படத்தில் தெரிகிற அந்தத் ‘தியானம்’ இப்படிக் கிடைத்தது.

3

ஆளில்லாத நிலக்காட்சிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1851இல் மாரிபோசா பட்டாளம் என்கிற ஆயுதப்படை கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் நுழைந்து, அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களைத் துரத்தியது. பத்து வருஷம் கழித்து, 1861இல், கார்ல்டன் வாட்கின்ஸ் ராட்சதக் கண்ணாடித் தகடுகளோடு அதே பள்ளத்தாக்குக்குப் போனார். பாறைகள், அருவிகள், மலை தலைகீழாகத் தெரிகிற ‘கண்ணாடி ஏரி’ என்று அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. 1864இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்காக ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த முடிவுக்கு ஆதரவு திரட்டியதில் இந்தப் படங்களுக்குப் பங்கு உண்டு என்று புகைப்பட வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள்.

வாட்கின்ஸ் பொய் சொல்லவில்லை. அவருடைய தகடுகளுக்கு நீண்ட நேர ஒளி தேவைப்பட்டது. அசைகிற எதுவும் அதில் நிற்காது. ஆனால் யாரும் வாழாத, யாருக்கும் சொந்தமில்லாத, மனிதக் கை படாத இடம் என்கிற கதையாடலுக்கு அந்தப் படங்கள் உருவம் கொடுத்தன. அந்த மக்கள் தீ வைத்தும் களை நீக்கியும் பேணிய புல்வெளிகள் ‘கன்னி நிலம்’ ஆயின. ஆளில்லை என்று காட்டப்பட்ட இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம். காப்பதற்கும் எடுக்கலாம், விற்பதற்கும் எடுக்கலாம்.

நம் வீட்டு நாட்காட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் வருகிற பனி மூடிய நீர்நிலைகள் இந்தப் பார்வையின் தூரத்துச் சொந்தங்கள். பெயரில்லாத, ஊரில்லாத, துறையில்லாத வெள்ளம். என் படமும் அந்த வரிசையில்தான் நின்றது. சிறுபத்திரிகை அட்டையில் வந்ததால் அதற்கு விதிவிலக்குக் கிடைத்துவிடாது.

4

‘நிலக்காட்சியே மேற்கத்திய இறக்குமதி, நமக்குத் திணை இருக்கிறது’ என்று இந்த இடத்தில் சில நண்பர்கள் எழுந்து நிற்பார்கள். நானும் திணையிடம்தான் போகிறேன், பெருமை பேச இல்லை. தொல்காப்பியம் மருதத்துக்குக் கொடுக்கிற சிறுபொழுது வைகறையும் விடியலும். வயலும் வயல் சார்ந்த இடமும், விடியற்காலமும்: என் படத்தின் இடமும் நேரமும் அதுவேதான். முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். கருப்பொருள் என்று நம் இலக்கணம் பட்டியலிடுவதில் பறவையும் பூவும் மட்டுமா இருக்கின்றன? மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்கிற தொழில் இருக்கிறது. கொக்கை எடுத்த நான் துணி நனைத்தவரை விட்டுவிட்டேன்.

உரிப்பொருளுக்கு வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பரத்தை வீட்டிலிருந்து விடியலில் திரும்புகிற தலைவன், கதவைத் திறக்க மறுக்கிற தலைவி, இடையில் வாயில்கள். பாணன் கெஞ்சுகிறான், தோழி ஏசுகிறாள். நம் கவிதை மரபில் நீர்வளம் மிக்க ஊரின் விடியல் பிணக்குக்கு உரிய நேரம். யாருக்கு யார் மேல் என்ன உரிமை என்கிற வழக்கு அப்போது எழுகிறது. அங்கே அமைதியைத் தேடிப்போன என் கண் எந்த மரபில் பழகியது என்று யோசித்துக்கொள்ளலாம்.

திணையும் களங்கமற்றதல்ல. பிற்கால அகப்பொருள் நூல்கள் மருத மக்களை வரிசைப்படுத்தும்போது உழவர், உழத்தியர் என்று தொடங்கிக் கடையர், கடைசியர் என்று முடிக்கின்றன. சேற்றில் இறங்கியவர்களுக்குக் கடைசி இடம். ஆனால் கடைசியிலாவது பெயர் இருக்கிறது. என் படத்தில் அதுவும் இல்லை.

5

புதுக்கடை என்கிற பெயர் வெளியூர் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்குமானால் 1954 ஆகஸ்ட் 11ஆல் இருக்கும். தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் சோஷலிஸ்டுகளின் மந்திரிசபை. அந்த மந்திரிசபை விலக வேண்டும் என்று லோகியா கேட்டார், கட்சியே கலகலத்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. அவற்றோடு நெல் விளைந்த ஏலாக்களும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் வந்தன.

நிலத்துக்காக உயிர் கொடுத்த ஊரில் அந்த நிலம் பின்னால் என்னவாயிற்று? ஏலாக்கள் வாழையாயின, பிறகு தென்னையாயின, பிறகு வீட்டுமனைகளாயின. நெல் போனதும் குளத்தின் மேல் விவசாயிக்கு இருந்த அக்கறையும் போனது. மடை திறக்க ஆள் தேவைப்படாத குளத்தில் ஆகாயத்தாமரை படர்ந்தது. களியக்காவிளைவரை வருகிற நான்குவழிச் சாலைக்காகக் குளங்களிலும் ஏலாக்களிலும் மண் கொட்டப்பட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. இதையெல்லாம் செய்ய அந்நிய அரசு எதுவும் வரவில்லை.

குளத்தின் பழைய காலத்தை நினைத்து ஏங்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. திருவிதாங்கூரில் யார் எந்த வழியில் நடக்கலாம், எந்த வெள்ளத்தைத் தொடலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் தேவைப்பட்டது. கோயில் நுழைவு அறிவிப்பு 1936இல்தான் வந்தது. எல்லோரும் இறங்கலாம் என்கிற குளம் முன்னோர் விட்டுப்போன சொத்தல்ல, சண்டை போட்டுப் பெற்றது. படித்துறையில் உட்கார்ந்து துணி நனைத்த அந்த அம்மாவின் உரிமைக்குப் பின்னாலும் அந்த வரலாறு இருக்கிறது. அவரைச் சட்டகத்திலிருந்து விலக்கியதன் மூலம் நான் எதை விலக்கினேன் என்பது இப்போது உறைக்கிறது.

6

அப்படியானால் என்ன செய்வது? பனியை எடுக்காதே, மடையை எடு, சர்வே கல்லை எடு என்று ஒரு கட்டளை போட்டுவிடலாம். அவசரத்துக்கு அது பயன்படவும் செய்யும். குளங்களை ஆக்கிரமிப்பிலிருந்து காக்கத் தமிழ்நாட்டில் 2007இல் தனிச் சட்டமே வந்தது. பஞ்சாபில் நிரப்பப்பட்ட ஒரு கிராமக் குளம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல், பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை நீக்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. மனு எழுதுகிறவர்களுக்குக் கரையும் மறுகாலும் தெளிவாகத் தெரிகிற, தேதி குறித்த, அதே இடத்தில் நின்று வருஷா வருஷம் எடுத்த படங்கள் வேண்டும். இயக்கத் தோழர்கள் இதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளலாம். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகளுக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பறவை பார்க்கிறவர்களும் அங்கே போகிறார்கள். பறவையும் பெயரும் இல்லாத ஏலாக் குளங்களுக்கு நம்மைத் தவிர யார்?

ஆனால் சாட்சியப் படத்திலும் ஒரு வன்முறை உண்டு. அது அதிகாரம் கேட்கிற கேள்விக்கு அதிகாரத்தின் மொழியிலேயே பதில் சொல்கிறது. குப்பை, செத்த மீன், மண்மேடு என்று நாம் எடுக்கிற போராட்டப் படங்களிலும் அந்த அம்மா இல்லை. இருந்தால் கைகூப்பி நிற்கிற பாதிக்கப்பட்டவராக மட்டுமே இருக்கிறார். ‘அழகு வேண்டாம், அரசியல் போதும்’ என்பது நாம் முன்பே இலக்கியத்தில் செய்து பார்த்து அலுத்துப்போன தவறு.

பனியையே இன்னொரு முறை பார்க்கலாம். வானம் தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது, காற்றும் குளிர்கிறது. குளத்து வெள்ளம் மட்டும் பகலின் சூட்டை மெதுவாகத்தான் விடுகிறது. அந்தச் சூட்டிலிருந்து எழுகிற ஈரம் குளிர்ந்த காற்றில் பட்டு, ஆவி பறப்பதுபோல் வெள்ளத்தின் மேலேயே பனியாக நிற்கிறது. அதாவது நான் எடுத்த பனி அங்கே வெள்ளம் இருந்ததால் வந்தது. மண் கொட்டிய மூலையில் அது எழுவதில்லை. அதை இந்த மார்கழியில் போய்ப் பார்த்தேன். வெள்ளம் நிற்கிற பாகத்தில் மட்டும் பனி, மண்மேட்டின் விளிம்பில் கத்தரித்ததுபோல் முடிகிறது. வெள்ளத்தை மறைக்கிறது என்று நான் குறை சொன்ன பனி அதன் எல்லையை வரைந்து காட்டிக்கொண்டிருந்தது. விலகி நின்று, கரையையும் மண்மேட்டையும் சேர்த்து எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கிட்டப் போய், சட்டகத்தைச் சுருக்கி, எல்லையில்லாத ஒன்றாக அதை ஆக்கியிருந்தேன்.

இந்த முறை கரைமேல் ஏறி நின்றேன். படித்துறையில் வேறொரு பெண். அவரும் கேட்டார், ‘அண்ணே, நான் மாறணுமா?’ ‘மாறண்டாம், அங்கேயே நில்லுங்க. படத்துல நீங்க வந்தா உங்களுக்குச் சம்மதமா?’ என்றேன். அவர் குளத்தின் மூலையைப் பார்த்தார், மண்மேட்டைப் பார்த்தார். ‘அதுவும் விழுமா?’ என்றார். விழும் என்றேன். ‘எடுங்க அப்போ.’

படம் அவ்வளவு நன்றாக வரவில்லை. பனி சாம்பலாக விழுந்துவிட்டது. அவர் முகத்தில் கோபம் தெரிகிறது. மனுவோடு சேர்த்துவிட்டோம், அட்டையில் போடுவதற்கும் இந்த முறை இதைத்தான் அனுப்பப் போகிறேன்.